கட்டைவிரல் காலத்துக் கொசுவர்த்தி

போன ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபி பாதிகூட முடியவில்லை. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, எங்க பேஜுக்கு ரீச்சே வர மாட்டேங்குது. என்ன பண்றது?" அவளும் கல்லூரித் தோழி ஒருத்தியும் சேர்ந்து துணிப்பை தைத்து விற்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் அதற்கு ஒரு பக்கம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு "நாங்கள்லாம் அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தேன். சமையலறையிலிருந்து தங்கமணி குரல் வந்தது: "ஆச்சு, கொசுவர்த்தியைச் சுத்த ஆரம்பிச்சாச்சு. நீ எழுந்து ஓடிடு கண்ணு." கண்ணு எழுந்து ஓடிவிட்டது. அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எங்கே ஓடிவிடப் போகிறீர்கள் :)

நான் புனேவுக்கு வந்தது 2004-ல். ஆவுந்த் பக்கம் ஒரு வாடகை வீடு. வந்த புதிதில் ஒன்றும் தெரியாது. இட்லி அரிசி எங்கே கிடைக்கும், நல்லெண்ணெய் எந்தக் கடையில், கேஸ் இணைப்பை எப்படி மாற்றுவது, தமிழ் தெரிந்த டாக்டர் யாராவது உண்டா... ஒவ்வொன்றுக்கும் ஆபீஸில் ஒருவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைக் கைகாட்டி, கடைசியில் ராஸ்தா பேட்டிலோ கட்கியிலோ போய் நிற்போம். இப்படிச் சேர்த்ததை எல்லாம் அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படட்டுமே என்று 2006-ல் ஒரு வலைத்தளம் ஆரம்பித்தேன். பகலில் ஆபீஸில் ஆணி பிடுங்குவது, ராத்திரியில் இது.

ஆரம்பித்தபின்தான் தெரிந்தது, தளம் கட்டுவது சுலபம், ஆள் வரவைப்பதுதான் கஷ்டம் என்று. கூகுள் அப்போது பெரும்பாலும் யார் யாருக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு பக்கத்தை மதிப்பிட்டது. புதுத் தளத்துக்கு யார் இணைப்புக் கொடுப்பார்கள்? யாருக்கும் தெரியாததால் யாரும் கொடுப்பதில்லை, யாரும் கொடுக்காததால் யாருக்கும் தெரிவதில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் கதை.

இந்தப் பூட்டை உடைக்க வந்தவைதான் அந்தக் காலத்துப் பரிந்துரைத் தளங்கள். இன்றைய கல்லூரிப் பிள்ளைகளிடம் பெயரைச் சொன்னால் மருந்துக்கடைப் பெயரா என்று கேட்பார்கள். ஆனால் 2005-லிருந்து 2010 வரை ஒரு சின்னத் தளத்தின் தலையெழுத்து இவற்றின் கையில்தான் இருந்தது.

இதற்கெல்லாம் பெரியண்ணன் ஸ்லாஷ்டாட். 1997-ல் ராப் மால்டா என்ற கல்லூரி மாணவர் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆரம்பித்தது. வாசகர்கள் செய்தி அனுப்புவார்கள், எது முகப்பில் வரவேண்டும் என்பதை ஆசிரியர் குழு முடிவு செய்யும். அதில் ஒரு சின்னத் தளத்தின் பெயர் வந்துவிட்டால் கூட்டம் தாங்காமல் அந்தத் தளம் படுத்துவிடும். 'ஸ்லாஷ்டாட் விளைவு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2003-ல் ஜோஷுவா ஷாக்டர் டெலிஷியஸ் ஆரம்பித்தார். உங்கள் உலாவியில் சேர்த்துவைக்கும் முகவரிகளைப் பொதுவில் சேர்த்துவைப்பது, அவ்வளவுதான். நிறையப்பேர் சேர்த்துவைத்த பக்கம் நல்ல பக்கமாக இருக்கும் என்பது கணக்கு. 2004 டிசம்பரில் கெவின் ரோஸும் நண்பர்களும் டிக் தளத்தைக் கொண்டுவந்தார்கள். இதில் ஆசிரியர் குழு கிடையாது. வாசகர்கள் ஓட்டுப் போட்டால் செய்தி மேலே வரும், 'புதை' என்ற பொத்தானை அழுத்தினால் கீழே போகும். ஆறு மாதம் கழித்து, 2005 ஜூனில், ஸ்டீவ் ஹஃப்மனும் அலெக்சிஸ் ஒஹானியனும் ரெட்டிட் தொடங்கினார்கள். ஆரம்ப நாட்களில் கடை காலியாகத் தெரியக்கூடாது என்று அவர்களே பல பொய்ப் பெயர்களில் இணைப்புகளைப் போட்டு நிரப்பினார்கள். பிற்பாடு ஹஃப்மன் அதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். புது ஓட்டல் திறந்ததும் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு முன்மேசையில் உட்காரவைக்கிற அதே டெக்னிக்.

ஆனால் எனக்கு மிக நெருக்கமானது ஸ்டம்பிள்அபான். இது டிக்குக்கும் ரெட்டிட்டுக்கும் மூத்தது. 2001-ல் கனடாவின் கால்கரி நகரத்தில் கேரட் கேம்ப், ஜெஃப் ஸ்மித் முதலான நாலு நண்பர்கள் ஆரம்பித்தார்கள். கேம்ப் அப்போது கால்கரி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். உலாவியில் ஒரு கருவிப்பட்டையை நிறுவிக்கொள்ள வேண்டும். புகைப்படம், சரித்திரம், சமையல் என்று உங்களுக்குப் பிடித்த தலைப்புகளைச் சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் உலகத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு பக்கம் திறக்கும். பிடித்தால் கட்டைவிரல் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. உங்கள் ரசனையும் என் ரசனையும் ஒத்துப்போனால், நீங்கள் மேலே காட்டிய பக்கம் நாளை என் முன்னால் வந்து நிற்கும். முகப்பு என்று ஒன்று கிடையாது, ஆளுக்கு ஆள் வேறு வேறு. 2004 கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் முதல் பதிப்பு வந்து, கருவிப்பட்டைகளுக்கு ஒரு மவுசு வந்தபிறகு இது பரவலானது. ராத்திரி பதினொரு மணிக்கு "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று அழுத்த ஆரம்பித்து இரண்டு மணிக்குத் தூங்கப்போன ராத்திரிகள் எனக்கு உண்டு. இப்போது பிள்ளைகள் ரீல்ஸைத் தள்ளுவதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

இதன் வியாபாரக் கணக்கும் வேடிக்கையானது. விளம்பரதாரர் பதாகை வைக்க வேண்டாம். ஒரு ஆளுக்கு ஐந்து சென்ட் கொடுத்தால், பொத்தானை அழுத்துகிறவர்களில் சிலருக்கு நேராக அவருடைய பக்கமே திறக்கும். அதாவது தள்ளிக்கொண்டுபோய்க் கடைக்குள் விட்டுவிடுவார்கள், வாங்குவதும் வாங்காததும் உங்கள் சாமர்த்தியம். 2007 மே மாதம் ஈபே நிறுவனம் இதை 7.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஏலக் கடைக்கு இது எதற்கு என்று அன்றைக்கே எனக்குப் புரியவில்லை. ஈபேக்கும் புரியவில்லை போலிருக்கிறது, 2009-ல் கேம்பும் சில முதலீட்டாளர்களும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதே வருஷம்தான் கேம்ப் இன்னொரு கம்பெனியையும் தொடங்கினார். அதன் பெயர் ஊபர்.

நம்ம கதைக்கு வருவோம். 2007 ஜூலையில் நான் எடுத்த படங்களை வைத்து, மழைக்காலத்தில் பார்க்கவேண்டிய பத்துக் கோட்டைகள் என்று ஒரு பக்கம் போட்டேன். சிங்ககட், ராஜ்கட், லோககட், விசாப்பூர், திகோனா எல்லாம் மேகத்துக்குள் நிற்கிற படங்கள். ஆங்கிலத்தில்தான். தமிழில் போட்டால் யார் கட்டைவிரல் காட்டுவார்கள்? நானே ஸ்டம்பிள்அபானில் சேர்த்தேன், ஆபீஸில் நாலு பேரைக் கெஞ்சிக் கட்டைவிரல் போடவைத்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து கவுண்டரைப் பார்த்தால் எண் ஓடுகிறது. ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடுகிறது. அன்று வரை ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் சாமிக்குக் கற்பூரம் ஏற்றுகிற ஆள் நான். விடிவதற்குள் ஏழாயிரம் பேர். காலையில் தளம் படுத்துவிட்டது. மாதம் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய இடம், அந்த மாதத்துக்கான அளவு ஒரே ராத்திரியில் தீர்ந்துவிட்டது. நான் பதறவில்லை. பெருமையாகத் தங்கமணியை எழுப்பிக் காட்டினேன்.

அதற்கப்புறம் எனக்குப் பிடித்த பித்தை என்னவென்று சொல்ல? பத்து அருவிகள், பத்துக் குகைகள், பத்து வடாபாவ் கடைகள். எல்லாம் பத்துப் பத்துத்தான். அது என் கண்டுபிடிப்பு இல்லை. டிக் காலத்தில் அமெரிக்காவில் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ தளங்கள் இதையேதான் செய்தன. எண் போட்ட தலைப்புக்கு ஓட்டு விழுகிறது என்று கண்டுகொண்டார்கள். ஓட்டு விழுந்தால் கூட்டம், கூட்டம் வந்தால் கூகுள் விளம்பரத்தில் காசு. எனக்கு அந்தக் காசு ஆறு மாதத்தில் நூறு டாலரைத் தொடவில்லை. நூறு தொட்டால்தான் செக் அனுப்புவார்கள்.

அமெரிக்காக்காரனை மட்டும் ஏன் சொல்லவேண்டும்? நம்ம ஊர்த் திரட்டிகளிலும் இதே கூத்துதான். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் இல்லாவிட்டால் என்னைப் போல வெளியூரில் கிடந்தவர்களுக்குத் தமிழ் வாசிப்பே கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் யாரோ எங்கெங்கோ எழுதியதை ஒரே இடத்தில் கொண்டுவந்து காட்டினார்கள், காசு வாங்காமல். ஆனால் ஓட்டுப்பட்டையும் 'வாசகர் பரிந்துரை'யும் 'சூடான இடுகை'களும் வந்ததும் மக்கள் என்ன செய்தார்கள்? உள்ளே ரசம் வைக்கும் முறை இருக்கும், வெளியே தலைப்பு பலான படத்துக்கு வைக்கிற மாதிரி இருக்கும். தங்கள் பதிவுக்குத் தாங்களே மறுமொழி போட்டு மேலே ஏற்றிக்கொள்வதற்குப் 'பின்னூட்டக் கயமை' என்று அழகாகப் பெயர் வைத்தார்கள், வைத்துவிட்டு எல்லோரும் செய்தார்கள். பின்னால் தமிழிஷ் வந்தது, அது இண்ட்லி ஆனது. அது அக்மார்க் டிக் பாணி. "எனக்கு நீங்க ஒண்ணு போடுங்க, உங்களுக்கு நான் ஒண்ணு போடறேன்" என்று மெயிலில் மொய்க் கணக்கு நடந்தது. நானும் மொய் எழுதியவன்தான். படிக்காமலே ஓட்டுப் போட்ட பதிவுகளை எண்ணினால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

டிக்கிலும் இந்த மொய்க் கணக்குத்தான் வினையானது. அதிகம் பங்களிப்பவர்கள் என்று நூறு பேரின் பட்டியலை அவர்களே வெளியிட்டுவந்தார்கள். அந்தச் சிலருடைய இணைப்புகள்தான் முகப்பில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று புகார் எழுந்தது. ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொள்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு இணைப்புப் போடுகிறார்கள் என்றெல்லாம் பேச்சு. 2007 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார் ரோஸ்.

அதே வருஷம் மே 1-ம் தேதி நடந்ததுதான் எனக்கு மறக்கமுடியாதது. எச்.டி. டிவிடி என்று ஒரு வட்டு வந்திருந்தது. அதன் பூட்டைத் திறக்கும் ரகசிய எண் வெளியில் கசிந்து டிக்கில் வந்தது. வழக்கு வரும் என்று பயந்து டிக் அதை நீக்கியது. வாசகர்கள் திரும்பப் போட்டார்கள். நீக்கினார்கள். திரும்பப் போட்டார்கள். முகப்பு முழுக்க அந்த எண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக ரோஸ் பணிந்துவிட்டார். வாசகர்கள் சொல்வதைக் கேட்கிறோம், வருவது வரட்டும் என்று அவரே அந்த எண்ணைத் தலைப்பில் போட்டு எழுதினார். நம்ம பக்கம் மறுநாள் காலை, ஆபீஸில் டீ ஆறிப்போகிற அளவுக்கு இதையே பேசிக்கொண்டிருந்தோம். முகப்பு யாருடையது? சர்வருக்கு வாடகை கட்டுகிறவனுடையதா, தினமும் வந்து ஓட்டுப் போடுகிறவனுடையதா? அன்றைக்கு ஓட்டுப் போடுகிறவன் ஜெயித்தான்.

மூன்று வருஷம் கழித்து அந்தப் பாடத்தை டிக் மறந்துவிட்டது. 2010 ஆகஸ்ட் கடைசியில் நாலாவது பதிப்பு என்று மொத்தத்தையும் மாற்றினார்கள். 'புதை' பொத்தான் போயிற்று. பெரிய பத்திரிகைகள் தங்கள் செய்தியோடையைத் தானாகவே உள்ளே விட்டுக்கொள்ளலாம் என்று வழி திறந்துவிட்டார்கள். இத்தனை நாள் சல்லடை போட்டு நல்ல இணைப்பைத் தேடிக்கொண்டுவந்து போட்ட ஆள் இனி எதற்கு? பத்திரிகைக்காரன் கொட்டுவதற்கு ஓட்டுப் போட மட்டும்தானா? கோபம் வந்த வாசகர்கள் ரெட்டிட் இணைப்புகளாகப் பார்த்து ஓட்டுப் போட்டு டிக்கின் முகப்பை நிரப்பினார்கள். அப்படியே மூட்டையைக் கட்டிக்கொண்டு ரெட்டிட்டுக்கும் போனார்கள். 2012 ஜூலையில் டிக்கின் பெயரையும் தளத்தையும் பீட்டாவொர்க்ஸ் வாங்கியது. விலை சுமார் 5 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. காப்புரிமைகளை லிங்க்ட்இன் தனியாக வாங்கிக்கொண்டது. 2006-ல் பிசினஸ்வீக் பத்திரிகை கெவின் ரோஸின் படத்தை அட்டையில் போட்டு, பதினெட்டு மாதத்தில் 6 கோடி டாலர் சம்பாதித்த பையன் என்று எழுதியிருந்தது. இதில் கடைசி வேடிக்கை, 2025-ல் அதே ரோஸும் ரெட்டிட்டின் ஒஹானியனும் கூட்டுச் சேர்ந்து டிக்கைத் திரும்ப வாங்கினார்கள்.

ரெட்டிட் மட்டும் ஏன் பிழைத்தது? என் கணக்கு இது. 2008-லேயே அவர்கள் யார் வேண்டுமானாலும் தனித் தனிக் குழு ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரே முகப்புக்கு எல்லோரும் அடித்துக்கொள்ள வேண்டாம். மீன் பிடிக்கிறவன் ஒரு திண்ணை, வீணை வாசிக்கிறவன் ஒரு திண்ணை. சொந்தச் சரக்கை விற்க வந்தவனைத் திண்ணைக்காரர்களே விரட்டிவிடுவார்கள். ஆள் பிடிக்க வந்தவர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது, எனக்கும்தான். இரண்டு முறை துரத்தியிருக்கிறார்கள்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

2008 பிப்ரவரி. ஒரு மெயில் வந்தது. பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், புனே வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் காய்ச்சல். மனைவிக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது, குழந்தைக்கு என்ன என்பதை அவர்தான் டாக்டரிடம் சொல்லவேண்டும். என் தளத்தில் 'தமிழ் தெரிந்த மருத்துவர்கள்' பக்கத்தைப் பார்த்து, ஆட்டோ பிடித்துச் சிஞ்ச்வடில் ஒரு விலாசத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கே மொபைல் கடை இருந்தது. டாக்டர் வேறு இடத்துக்குப் போய் மாதங்கள் ஆகிவிட்டன என்று வாட்ச்மேன் மராத்தியில் சொன்னதைப் புரிந்துகொள்ளவே கால் மணி நேரம் ஆயிற்றாம். பிறகு வேறு ஆஸ்பத்திரி தேடி, ஒன்பதரைக்கு ஊசி போட்டு, குழந்தை நன்றாகிவிட்டது. மெயிலில் ஒரு கோபமான வார்த்தை கிடையாது. கடைசியில், "அண்ணாச்சி, அந்த விலாசத்த மட்டும் எடுத்துருங்க. இன்னொருத்தர் வந்து நிக்கக் கூடாதுல்லா" என்று எழுதியிருந்தார்.

அந்த டாக்டர் இடம் மாறியது எனக்குத் தெரியும். தங்கமணி இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தார். "ஏங்க, அந்த அட்ரஸை மாத்திடுங்க, யாராவது போயிடப்போறாங்க." இந்த வாரக் கடைசியில் மாற்றுகிறேன் என்றேன். அந்த வாரக் கடைசியில் பத்துக் குகைகள் பக்கத்துக்குப் படம் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மெயிலைப் படித்த ராத்திரி, விலாசத்தை மாற்றியபின், முதல்முறையாகப் பதிவேட்டை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். அதுவரை மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். கோட்டைப் பக்கத்துக்கு அந்த ராத்திரி வந்த ஏழாயிரம் பேரில் புனேவிலிருந்து வந்தவர்கள் 11 பேர். பெரும்பாலோர் பத்துப் பதினைந்து நொடிகூட நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் என்னைத் தேடி வரவில்லை, ஒரு பொத்தானை அழுத்தினார்கள், நான் வந்தேன், அடுத்ததை அழுத்தினார்கள். மருத்துவர் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு மூன்று பேர், நாலு பேர். கூகுளில் தமிழிலோ ஆங்கிலத்திலோ தேடி வந்தவர்கள். ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம் இருந்திருக்கிறார்கள். பேப்பரில் எழுதிக்கொள்ள ஆகிற நேரம்.

ஸ்டம்பிள்அபான் அதற்குப் பிறகும் நன்றாகத்தான் ஓடியது. 2011 ஆரம்பத்தில், அமெரிக்காவில் சமூகத் தளங்களிலிருந்து மற்ற தளங்களுக்கு ஆள் அனுப்புவதில் அது ஃபேஸ்புக்கையே முந்திவிட்டது என்று ஸ்டாட்கவுண்டர் கணக்குச் சொன்னது. ஆனால் 2010 ஏப்ரலிலேயே ஃபேஸ்புக் தன் லைக் பொத்தானை எல்லாத் தளங்களுக்கும் கொடுக்க ஆரம்பித்திருந்தது. இனி யாரும் பக்கத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வேறொரு தளத்தில் சேர்க்க வேண்டாம், நின்ற இடத்திலேயே அழுத்தலாம். இன்னொரு பக்கம் எல்லோரும் கைப்பேசிக்குப் போய்விட்டார்கள். கைப்பேசி உலாவியில் கருவிப்பட்டைக்கு ஏது இடம்? 2018 ஜூன் 30-ம் தேதியோடு ஸ்டம்பிள்அபானை மூடினார்கள். பதினாறு வருஷத்தில் 4 கோடிப் பேர், ஏறக்குறைய 6000 கோடி தடவை அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள் என்று கேம்ப் எழுதினார். அதில் சில ஆயிரம் என்னுடையது. டெலிஷியஸை 2005-ல் யாஹூ வாங்கி, 2011-ல் விற்று, கை மாறிக் கை மாறி, 2017-ல் பின்போர்டு என்ற போட்டித் தளத்தின் ஒற்றை முதலாளி 35,000 டாலருக்கு வாங்கினார். புனேவில் அந்தக் காசுக்கு அன்றைக்கு ஒரு படுக்கையறை ஃபிளாட் கிடைக்குமா என்று தேடவேண்டும்.

அந்தப் பத்துப் பத்துப் பக்கங்களை எல்லாம் பின்னாளில் எடுத்துவிட்டேன். கோட்டைகள் மட்டும் இருக்கிறது, படம் நன்றாக வந்திருப்பதால். பாளையங்கோட்டைக்காரர் இப்போதும் புனேவில்தான் இருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் ஃபோன் பண்ணுவார். அந்தக் குழந்தை இப்போது என்ஜினியரிங் படிக்கிறான்.

சாயங்காலம் மகளிடம் இந்த டாக்டர் கதையை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு எத்தனை பேர்ப்பா உண்மையாவே பை வாங்குறாங்க?" என்றாள். ஆர்டர் நோட்டை எடுத்துவந்தாள். இருபத்து மூன்று பேர், அதில் ஒன்பது பேர் இரண்டாம் முறை வாங்கியவர்கள். அந்த ஒன்பது பேருக்கும் ஃபோன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள், இதை நான் எழுதும்போது.

டிஸ்கி: கட்கியில் இட்லி அரிசி விற்கும் கடை இடம் மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். போன வாரம் நான் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. புது இடம் தெரிந்தவர்கள் ஒரு வரி போடுங்கள், பக்கத்தில் மாற்ற வேண்டும்.